கபடிக்கு ஜப்பானில் ஒரு படக்கதை



கோடை விடுமுறைக்கு என் மகளும் பேத்தியும் பள்ளிபாளையம் வந்திருந்தார்கள். ஒரு நாள் மத்தியானம் கரண்ட் இல்லை. பேத்தி திண்ணையில் உட்கார்ந்து செல்போனில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். "கபடி, கபடி, கபடி" என்று சத்தம் கேட்டது. இந்திக் கார்ட்டூன் போலிருக்கிறது என்று நினைத்தேன். "இல்லீங்க அப்புச்சி, இது ஜப்பான் படம்" என்றாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உண்மைதான். ஜப்பான் பையன்கள் எதிரணிக்குள் பாடிப் போய், ஒருவனைத் தொட்டுவிட்டு, நடுக்கோட்டை நோக்கித் தாவுகிறார்கள். நான்கு பேர் காலைப் பிடித்து இழுக்கிறார்கள். நம் ஊர் ஆட்டமேதான்.

பேத்திக்கு 13 வயது. "எங்க ஸ்கூல்லயும் கபடி டீம் இருக்குது. நான் சேரட்டுமா அம்மா?" என்று கேட்டாள். என் மகள் சிரித்துக்கொண்டே, "எங்கப்பா என்னை விடல. உன்னை நான் விடறேன், போய்ச் சேரு" என்றாள். மகள் வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை. இந்தக் கட்டுரை எழுதக் காரணம் அதுதான். என் கதையைக் கடைசியில் சொல்கிறேன். முதலில் ஜப்பான் கதையைச் சொல்கிறேன்.

அந்தப் படக்கதை

நம் வயதுக்காரர்கள் முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவி படித்திருப்பீர்கள். ஜப்பானில் படக்கதைக்கு 'மாங்கா' என்று பெயர். அங்கே அதைக் குழந்தைகள் மட்டும் படிப்பதில்லை. ரயிலில் வேலைக்குப் போகிறவர்களும் வீட்டுப் பெண்களும் படிக்கிறார்கள். அதில் விளையாட்டுக் கதைகள் ஒரு பெரிய பிரிவு. வாரப் பத்திரிகையில் தொடராக வரும், பிறகு புத்தகமாக வரும், நன்றாக ஓடினால் டிவியில் கார்ட்டூனாகவும் வரும்.

பேத்தி பார்த்தது 'ஷாகுநெட்சு கபடி'. 'தகிக்கும் கபடி' என்று சொல்லலாம். ஹாஜிமே முசாஷினோ என்பவர் 2015ல் தொடங்கிய தொடர். 2021 ஏப்ரலில் டிவிக்கு வந்தது. கால்பந்தில் பேர் வாங்கி, பிறகு விளையாட்டே வேண்டாம் என்று ஒதுங்கிய ஒரு பள்ளி மாணவனைக் கபடி அணிக்கு இழுத்து வருகிறார்கள். "இது என்ன ஆட்டம்?" என்று முதலில் கேலி பேசுகிறவன் அவன்தான். படிப்படியாக அவனுக்கு அதன் சூட்சுமம் பிடிபடுகிறது.

கபடி அவர்கள் நாட்டு ஆட்டம் அல்ல.  அப்படிப்பட்ட ஆட்டத்துக்கு ஒருவர் உட்கார்ந்து பல வருடம் படம் வரைந்திருக்கிறார் என்றால், அந்தப் பழக்கம் அவர்களுக்கு எப்படி வந்தது? விளையாட வாருங்கள் என்று ஊரைக் கூப்பிடும் வேலையை அங்கே ரேடியோவும் டிவியும் படக்கதையும் நெடுநாளாகச் செய்து வந்திருக்கின்றன.

தபால் ஆபீஸ் போட்ட கணக்கு

1928ல் இருந்து தொடங்குகிறேன். அந்த வருடம் நவம்பர் 1ம் தேதி ஜப்பான் வானொலியில் காலை உடற்பயிற்சி தொடங்கியது. தொடங்கி வைத்தவர்கள் ராணுவமோ மருத்துவத் துறையோ அல்ல. தபால் துறையின் ஆயுள் காப்பீட்டுப் பிரிவு. அமெரிக்காவில் மெட்ரோபாலிடன் என்ற ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி 1925ல் ரேடியோவில் உடற்பயிற்சி நடத்தியது. ஜப்பானியர்கள் அதைப் பார்த்துவிட்டு வந்து தங்கள் நாட்டுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டார்கள்.

காமர்ஸ் படித்தவனுக்கு இதன் பின்னால் இருக்கும் கணக்கு உடனே புரியும். பாலிசிதாரர் ஆரோக்கியமாக இருந்தால் பிரிமியம் பல வருடம் வரும், கிளெய்ம் தள்ளிப் போகும். சேவை என்றும் சொல்லலாம், வியாபாரம் என்றும் சொல்லலாம். இரண்டும் ஒரே பக்கம் போனதால் திட்டம் நின்றது. ஊர் ஊராகத் தபால்காரர்கள் இந்தப் பயிற்சியைச் சொல்லிக் கொடுத்தார்கள்.

பியானோ இசைக்குக் கை காலை அசைக்கும் சுமார் மூன்று நிமிடப் பயிற்சி, 13 அசைவுகள். கருவி வேண்டாம், ஷூ வேண்டாம். போர்க்காலத்தில் அரசாங்கம் இதையே மக்களை வரிசையில் நிறுத்தும் கட்டாயமாக மாற்றியது. அதனால் போர் முடிந்து நாடு அமெரிக்கர் பிடியில் இருந்தபோது சில வருடம் நின்றும் போனது. 1951ல் புதிய வடிவத்தில் மீண்டும் வந்தது. இன்றும் காலை 6.30க்கு ஒலிபரப்பாகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. கோடை விடுமுறையில் பிள்ளைகள் கழுத்தில் ஒரு கார்டைத் தொங்கவிட்டுக்கொண்டு தெருப் பூங்காவுக்கு வருவார்கள். பயிற்சி முடிந்ததும் பெரியவர் ஒருவர் அன்றைய தேதிக் கட்டத்தில் முத்திரை குத்துவார். பாஸ்புக்கில் என்ட்ரி விழுவதைப் பார்க்கும் சந்தோஷம் எப்படிப்பட்டது என்று 35 வருடம் கவுண்ட்டரில் உட்கார்ந்து பார்த்தவன் நான். வெள்ளைக் கட்டம் விட்டுப் போகக் கூடாது என்பதற்காகவே பிள்ளைகள் எழுந்து வருவார்கள்.

நூல் மில் பெண்கள்

அடுத்தது நம் ஊருக்கு இன்னும் நெருக்கமான கதை. ஒசாகா பக்கம் கைசூகா என்ற ஊரில் நிச்சிபோ என்ற நூற்பாலை இருந்தது. ஜப்பானில் நூல் மில் பெண்களின் வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை வாகிசோ ஹோசோய் என்ற ஆலைத் தொழிலாளி 1925லேயே புத்தகமாக எழுதியிருக்கிறார். கிராமத்தில் இருந்து சின்ன வயதிலேயே அழைத்து வரப்பட்டு, விடுதியில் அடைபட்டு, பஞ்சுத் தூசியில் இரவும் பகலும் நின்ற பெண்கள் அவர்கள். மில் விடுதி என்றால் என்ன என்று நம் பக்கத்து மக்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

போருக்குப் பிறகு ஆலைகளில் வாலிபால் பரவியது. 1950களில் நிச்சிபோ மில் ஹிரோபுமி டைமட்சு என்பவரைப் பயிற்சியாளராகப் போட்டுப் பெண்கள் அணியை உருவாக்கியது. பெண்கள் பகலில் மில் அலுவலக வேலை பார்ப்பார்கள். மாலையில் பயிற்சி தொடங்கினால் நள்ளிரவு வரை போகும். தரையில் விழுந்து பந்தை எடுத்து, உருண்டு, அதே வேகத்தில் எழுந்து நிற்கும் ஒரு முறையை இந்த அணி பழகியது. 1961ல் ஐரோப்பாவுக்குப் போய் வரிசையாக ஜெயித்தார்கள். அங்குள்ள பத்திரிகைகள் 'கிழக்கத்திய சூனியக்காரிகள்' என்று பெயர் வைத்தன. 1962ல் மாஸ்கோவில் சோவியத் அணியையே வென்று உலக சாம்பியன் ஆனார்கள்.

1964 டோக்கியோ ஒலிம்பிக்கில்தான் வாலிபால் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. ஒலிம்பிக்கில் பெண்கள் அணியாக ஆடிய முதல் பந்து விளையாட்டும் அதுவே. ஜப்பான் அணியில் பெரும்பாலோர் நிச்சிபோ மில் பெண்கள். கேப்டன் மசாயே கசாய். அக்டோபர் 23ம் தேதி இறுதி ஆட்டத்தில் சோவியத் அணியை நேர் செட்களில் வென்றார்கள். டோக்கியோ வட்டாரத்தில் 66.8 சதவீத வீடுகளில் அந்த ஆட்டம் ஓடியது. மூன்றில் இரண்டு வீடு! அந்த வீடுகளில் அப்பாக்களும் உட்கார்ந்து பார்த்திருப்பார்கள் அல்லவா? இந்த இடத்தை மட்டும் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டைமட்சுவின் பயிற்சி முறை கடுமையானது. காயத்தோடும் ஆட வைத்தார் என்று அப்போதே விமர்சனம் உண்டு. அதை நாம் பின்பற்ற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அந்த வெற்றிக்குப் பிறகு என்ன நடந்தது என்பதுதான் முக்கியம்.

கதை கூப்பிட்டது, ஊர் வந்தது

1968ல் பெண் பிள்ளைகளுக்கான ஒரு வாரப் பத்திரிகையில் 'அட்டாக் நம்பர் 1' என்ற வாலிபால் படக்கதை வந்தது. சிகாகோ உரானோ என்ற பெண் வரைந்தது. அடுத்த வருடமே டிவி கார்ட்டூன் ஆனது. பெண் பிள்ளைகள் பள்ளியில் வாலிபால் அணி தேடிப் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளைகள் மட்டுமா? கல்யாணமான பெண்கள் சமையலை முடித்துவிட்டுப் பள்ளிக்கூட ஹாலில் கூடி ஆடத் தொடங்கினார்கள். 1970ல் அம்மாக்களுக்கு மட்டுமான தேசிய வாலிபால் போட்டி தொடங்கியது. ஆறு பேருக்குப் பதில் ஒன்பது பேர். கூடுதலாக மூன்று பெண்களுக்கு இடம் கிடைக்கிறது பாருங்கள்.

கால்பந்திலும் இதுவே நடந்தது. 1981ல் யோய்ச்சி தகாஹாஷி 'கேப்டன் சுபாசா' என்ற தொடரைத் தொடங்கியபோது ஜப்பானில் தொழில்முறைக் கால்பந்து லீக்கே கிடையாது. அந்தப் படக்கதை படித்த பையன்கள் வளர்ந்தார்கள். 1993ல் ஜே லீக் வந்தது. 1998ல் ஜப்பான் முதன்முதலாக உலகக் கோப்பையில் ஆடியது. படக்கதையால் மட்டுமே வந்தது என்று சொல்ல மாட்டேன். பணமும் திட்டமும் இருந்தன. ஆனால் மைதானத்துக்குப் பையன்களைக் கூப்பிட்டதில் அதற்குப் பங்கு உண்டு. ஸ்பெயின் வீரர் டோரஸ்கூடத் தன்னைக் கால்பந்துக்கு இழுத்தது அந்தக் கார்ட்டூன் என்று சொல்லியிருக்கிறார்.

கூடைப்பந்துக்கு 1990ல் 'ஸ்லாம் டங்க்' வந்தது. அதை எழுதிய தகேஹிகோ இனொவேயும் பதிப்பகமும் சேர்ந்து, ஜப்பான் மாணவர்கள் அமெரிக்கா போய் ஆடிப் படிக்க 2006ல் ஓர் உதவித்தொகை ஏற்படுத்தினார்கள். ஆட்டத்தை வைத்துச் சம்பாதித்ததில் ஒரு பங்கு ஆட்டத்துக்கே திரும்பியது. நல்ல வரவு செலவு.

இந்தியாவுக்கும் இப்படி ஒரு கதை வந்தது. 1966ல் தொடங்கிய 'கியோஜின் நோ ஹோஷி' என்ற புகழ்பெற்ற பேஸ்பால் படக்கதையை நம் நாட்டுக்கு மாற்றி, 'சூரஜ்: தி ரைசிங் ஸ்டார்' என்ற பெயரில் 2012 டிசம்பரில் கலர்ஸ் இந்தி சேனலில் போட்டார்கள். பேஸ்பால் கிரிக்கெட் ஆனது. ஏழை வீட்டுப் பையன், கண்டிப்பான அப்பா, மும்பை. உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறது? எனக்குத் தெரியவே தெரியாது. இந்தியாவில் கிரிக்கெட்டுக்கு ஆள் கூப்பிடத் தேவையில்லை. கூப்பிட வேண்டிய ஆட்டங்கள் வேறு.

நம் கபடிக்கு வருவோம்

சடுகுடு என்று நாம் சின்ன வயதில் காவிரி மணலில் ஆடிய ஆட்டம் 1936ல் பெர்லின் ஒலிம்பிக்கின்போது காட்சி விளையாட்டாக ஆடிக் காட்டப்பட்டது. ஆடியவர்கள் மகாராஷ்டிர மாநிலம் அமராவதி உடற்பயிற்சிக் கழகத்தார். 1990ல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் பதக்கத்துக்கான ஆட்டமாகச் சேர்ந்தது. இந்தியா தங்கம் வென்றது. 2014 வரை ஏழு ஆசிய விளையாட்டுகளில் தொடர்ந்து ஆண்கள் அணிக்குத் தங்கம். 2018ல் ஈரானிடம் தோற்று வெண்கலத்தோடு திரும்பினோம். பெண்கள் கபடி 2010ல்தான் சேர்க்கப்பட்டது. அதே 2010ல் குவாங்சோவில் ஆண்கள் பிரிவில் ஜப்பான் வெண்கலம் வாங்கியது. படக்கதை வந்தது அதற்கு ஐந்து வருடம் கழித்து.

இதற்கு நடுவில் 1994. ஆசிய விளையாட்டு ஜப்பானில், ஹிரோஷிமா நகரத்தில் நடந்தது. கபடியில் தங்கம் வென்ற இந்திய அணியில் தூத்துக்குடி மாவட்டம் மணத்தி கிராமத்தைச் சேர்ந்த கணேசன் இருந்தார். மறு வருடம் அவருக்கு அர்ஜுனா விருது கிடைத்தது. ஒரு தமிழ்க் கிராமத்துக்காரர் ஜப்பான் மண்ணில் நம் ஆட்டத்தை ஆடித் தங்கம் வாங்கினார். நான் அப்போது தினமும் பேப்பர் படிக்கிறவன். கிரிக்கெட் ஸ்கோர் அத்தனையும் ஞாபகம் இருக்கிறது. இந்தச் செய்தி ஞாபகத்திலேயே இல்லை. அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் 'பைசன்' படம் எடுத்தது 2025ல். கணக்குப் பார்த்தால் 31 வருடம்.

இப்போது என் கதை. 2000ம் வருடம். என் மகள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக் கபடி அணிக்குத் தேர்வாகி, பெற்றோர் சம்மதப் படிவத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். வெளியூர்ப் போட்டிக்குப் போக வேண்டும். நான் கையெழுத்துப் போடவில்லை. "படிப்பு கெட்டுப் போகும், கை கால் உடைஞ்சா நாளைக்கு யார் பார்ப்பா" என்றேன். மனதுக்குள் வேறொன்றும் இருந்தது. கால்சட்டை போட்டுக்கொண்டு பெண் பிள்ளை மண்ணில் புரள்வதைச் சொந்தக்காரர்கள் பார்த்தால் என்ன பேசுவார்கள் என்ற பயம்தான் அது. மகள் எதுவும் பேசவில்லை. படிவத்தை மடித்து நோட்டுக்குள் வைத்துக்கொண்டாள். தினமும் நூற்றுக்கணக்கான காகிதங்களில் கையெழுத்துப் போட்டவன், அந்த ஒன்றில் போடவில்லை.

நான்கு வருடம் கழித்து 'கில்லி' வந்தது. ஆற்றைத் தாண்டி ஈரோட்டுக்குப் போய்க் குடும்பத்தோடு பார்த்தோம். அப்பாவுக்குத் தெரியாமல் கபடி ஆடப் போகிற பையன்தான் கதாநாயகன். தியேட்டரே விசில் அடித்தது. நானும் கை தட்டினேன். பக்கத்து சீட்டில் மகள் உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தை நான் திரும்பிப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. 2009ல் 'வெண்ணிலா கபடி குழு' வந்தது. 2014ல் புரோ கபடி லீக், 2017ல் தமிழ் தலைவாஸ். இப்போது கபடி என்றால் யாரும் முகம் சுளிப்பதில்லை. 1964ல் மில் பெண்கள் ஜெயித்ததை ஜப்பான் அப்பாக்கள் வீட்டில் உட்கார்ந்து பார்த்தார்கள் என்று சொன்னேனே, அப்படி ஒரு கூப்பிடும் குரல் எனக்கு 2000க்கு முன்னால் கேட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பேனா? போட்டிருப்பேன் என்று சொல்லித் தப்பிக்க விருப்பமில்லை. ஆனால் பிள்ளையைக் கூப்பிடும் குரல் பெரியவர்கள் காதிலும் விழ வேண்டும் என்பது மட்டும் எனக்கு இப்போது நிச்சயமாகத் தெரிகிறது.

நம் காலி இடம்

இதை எல்லாம் நம் சங்க இதழில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். நம் நகரின் பொது இடம், 40 அடிக்கு 60 அடி, பல வருடமாகச் சும்மா கிடக்கிறது. சென்ற கூட்டத்தில் கார் நிறுத்த ஷெட் போடலாம் என்றார்கள் சிலர். உடற்பயிற்சிக் கருவிகள் வாங்கி நடலாம் என்றார்கள் சிலர். கருவி நட்டால் மட்டும் ஆள் வந்துவிட மாட்டார்கள். துருப்பிடித்து நிற்கும் ஊஞ்சல்களை எத்தனை பூங்காவில் பார்த்திருக்கிறோம்.

நான் டேப் வைத்து அளந்து பார்த்தேன். வாலிபால் கோர்ட் 18 மீட்டருக்கு 9 மீட்டர், அதாவது 59 அடிக்கு 30 அடி. கோட்டுக்கு வெளியே ஓட இடம் இருக்காது. பெண்கள் கபடி ஆடுகளம் 12 மீட்டருக்கு 8 மீட்டர், சுமார் 40 அடிக்கு 26 அடி. தாராளமாக அமைந்து, சுற்றிலும் நின்று பார்க்க இடமும் மிஞ்சும். வலை வேண்டாம், பந்து வேண்டாம். கல் பொறுக்கி, மண்ணைச் சலித்துப் போட்டுக் கோடு கிழித்தால் போதும். பக்கத்து ஊர்களில் நடக்கும் மின்னொளிக் கபடிப் போட்டிகளில் ஆடும் இளைஞர்கள் யாரையாவது கேட்டால் பிள்ளைகளுக்கு அடிபடாமல் விழவும் பிடிக்கவும் சொல்லித் தருவார்கள்.

என் யோசனை இதுதான். ஞாயிறு காலை 6.30க்கு முதலில் எல்லோருக்கும் பத்து நிமிடக் கை கால் பயிற்சி. என்னைப் போன்ற மூட்டுவலிக்காரர்களும் வரலாம். பிறகு பிள்ளைகளுக்குக் கபடி. பெண் பிள்ளைகளுக்குத் தனி நேரம் வேண்டும் என்றால் ஒதுக்குவோம். தறிப்பட்டறையிலும் மில்லிலும் வாரம் பூராவும் நின்று வேலை செய்கிற நம் பெண்கள் எட்டிப் பார்த்தால் அவர்களுக்கும் இடம் உண்டு. ஜப்பானில் ஆடிக் காட்டியவர்களும் நூல் மில் பெண்கள்தானே.

பிள்ளைகளுக்குக் கார்டு அச்சடிக்கும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன். தேதி போட்டு முத்திரை குத்தும் வேலையும் என்னுடையதே, அதில் எனக்கு அனுபவம் உண்டு. கார்டின் பின்பக்கம் பெற்றோர் சம்மதம் என்று ஒரு கோடு இருக்கும். பெண் பிள்ளை வைத்திருக்கும் அப்பாக்கள் அதில் கையெழுத்துப் போடும் முன் தயங்கினால், என் வீட்டுக்கு வாருங்கள். ஒரு காபி சாப்பிட்டுக்கொண்டே பேசுவோம்.

பேத்தி ஊருக்குப் போய்விட்டாள். பள்ளி திறந்ததும் அணியில் சேர்ந்துவிட்டதாகப் போனில் சொன்னாள். முழங்காலில் சிராய்ப்பாம். மருந்து போட்டாயா என்று கேட்டேன். அம்மா போட்டுவிட்டாள் என்றாள்.